காரில் சீட் மாற்றப் போகிறீர்களா? தென்னாப்பிரிக்காவில் சட்டம் என்ன கேட்கிறது

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் நிற்கின்றன, அதில் மூன்றில் முன்சீட் வேறு ஏதோ காரிலிருந்து வந்தது. 1984-லிருந்து 2009 வரை யூட்டன்ஹேக்கில் செய்த கார் அது, கடைசியாக வந்த வண்டிக்கே 15 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. நுரை நைந்து, கம்பி துருத்தி, கொஞ்ச தூரம் ஓட்டினாலே முதுகு பிடித்துக்கொள்கிற நிலைக்கு அந்தச் சீட்டுகள் வந்தாயிற்று, மாற்றத்தான் வேண்டும். மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "இதற்கு பேப்பர் ஏதாவது வாங்கணுமா?" என்பதுதான். எந்தச் சீட்டை, எந்த வண்டியில், எப்படிப் பூட்டப் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் வாங்கிய கோல்ஃபில் ஏற்கெனவே புதிய மாடல் கார் ஒன்றின் சீட்டுகளைப் போட்டிருந்தார்கள், உட்கார்ந்தால் சோஃபா மாதிரி இருந்தது, மூன்று வருடம் ஓட்டினேன். விற்கப் போனபோது ரோட்வொர்த்தி சோதனையில், அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனையில், பரிசோதகர் இடப்பக்கச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார், அப்புறம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். ஆங்கில் இரும்பை வெட்டி வெல்டிங் வைத்து, தரைத்தகட்டில் ஓட்டை போட்டு, அடியில் சாதாரண வாஷர் மட்டும் கொடுத்து முடுக்கியிருந்தார்கள். அந்த வாஷரைச் சுற்றித் தகடு குழிந்து, ஓர் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. பெல்ட்டைச் சொருகுகிற பக்கிள் சீட்டின் இரும்புச் சட்டத்திலேயே இருந்தது, ஆக மோதினால் என் மனைவியைப் பிடித்து நிறுத்த வேண்டியது அந்த விரிசல் விட்ட தகடு. சான்றிதழ் கிடைக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்குப் பெரிதாகவே படவில்லை, மூன்று வருடம் அவள் அதில் உட்கார்ந்து வந்தாளே என்பதுதான் மனசில் நின்றது.

நம் நாட்டில் தனியார் காருக்கு வருடா வருடம் சோதனை கிடையாது. வண்டி கைமாறும்போதுதான் ரோட்வொர்த்தி சான்றிதழ் கேட்கிறார்கள், அதுவும் சான்றிதழ் வாங்கிய நாளிலிருந்து 60 நாள்தான் செல்லும். நடுவில் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் 1996-ஆம் ஆண்டின் 93-ஆம் எண் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், பொதுச்சாலையில் ஓடுகிற வண்டி எப்போதும் ரோட்வொர்த்தியாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பு ஓட்டுகிறவர் மேல்தான், சீட் போட்டுக் கொடுத்த பட்டறை மேல் இல்லை. போக்குவரத்து அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் நிறுத்திப் பார்க்கலாம், சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம்.

சட்டம் சீட்டை எப்படிப் பார்க்கிறது என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். கார் மாடல் ஒன்று இங்கே விற்பனைக்கு வருவதற்கு முன்னால் என்ஆர்சிஎஸ் என்கிற தேசியக் கட்டாயத் தர ஒழுங்குமுறை அமைப்பு அதற்கு ஒப்புதல் கொடுக்க வேண்டும், பயணிகள் காருக்கு அந்தக் கட்டாயத் தரத்தின் எண் வி.சி. 8022. அதன் பின்னால் ஐ.நா. வாகன விதிமுறைகள் நிற்கின்றன: 14-ஆவது பெல்ட் பிடிக்கிற இடங்களுக்கு, 16-ஆவது பெல்ட்டுக்கு, 17-ஆவது சீட்டுக்கும் அது தரையில் பிடிக்கிற பிடிமானத்துக்கும். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், 17-ஆவது விதிமுறை ஒப்புதல் சீட்டுக்குத் தனியாகக் கிடைப்பதல்ல, வண்டி மாடலுக்குக் கிடைப்பது. இந்தச் சீட், இந்த ரெயிலில் (சீட் முன்னும் பின்னும் நகர்கிற தடம்), இந்தத் தரையில் என்று மொத்தமாகச் சோதித்துத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே விலை உயர்ந்த ஜெர்மன் காரின் சீட்டை எடுத்து இன்னொரு காரில் போட்டால், அந்த ஜெர்மன் காரின் ஒப்புதல் கூடவே வந்து ஏறாது.

எண்களைச் சொல்கிறேன், அப்போதுதான் எவ்வளவு பெரிய விசை என்று தெரியும். சீட்டின் பிடிமானம் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு வேகக் குறைப்பை 30 மில்லிசெகண்டு தாங்க வேண்டும். பயணிகள் காரின் மூன்று முனை பெல்ட்டில் தோள் பட்டைக்கு 1,350 டெக்காநியூட்டன், இடுப்புப் பட்டைக்கு அதே அளவு, இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துச் சோதிப்பார்கள். ஒரு பட்டைக்கு ஏறக்குறைய 1,375 கிலோ எடை, அதாவது ஒரு சிட்டி கோல்ஃபையே அந்தப் பட்டையில் கட்டித் தொங்கவிட்டாலும் பிடிமானம் கழன்று வரக் கூடாது. பெல்ட்டின் ஒரு முனை சீட்டிலேயே இருந்தால், இதோடு சீட்டின் எடையைப் போல் 20 மடங்கும் சேரும். 18 கிலோ சீட் என்றால் இன்னொரு 360 கிலோ. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆங்கில் இரும்பையும் வாஷரையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, இனி உங்கள் வண்டிக்கு வருவோம்.

அதே மாடல், அதே கதவு எண்ணிக்கை, அதே வருட வரிசையிலிருந்து கழற்றிய சீட்டைப் போடுகிறீர்கள் என்றால் தனி ஒப்புதல் எதுவும் தேவையில்லை. தொழிற்சாலை ஓட்டையில் தொழிற்சாலை போல்ட்டால் உட்கார்கிறது, சோதித்த கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. ஸ்கிராப்யார்டில் எடுக்கும்போது முன்பக்கம் மோதிய வண்டியின் சீட் வேண்டவே வேண்டாம், அது ஏற்கெனவே ஒரு தடவை இழுபட்ட சீட். ரெயில் முழுதும் முன்னும் பின்னும் ஓடிப் பல்லில் பூட்டுகிறதா, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டுகிறதா என்று அங்கேயே பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டுகிற சீட்டை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கி வராதீர்கள். நான்கு கதவு மாடலின் சீட்டை இரண்டு கதவு காரில் போட்டால் சாய்த்து மடக்க வராது, பின்னால் உட்கார்ந்தவர் வெளியே வர வழியில்லாமல் போய்விடும்.

வேறு மாடல் சீட் என்றால்தான் கவனம் தேவை. முதலில் பார்க்க வேண்டியது பக்கிள் எங்கே இருக்கிறது என்பது. பழைய கார்கள் பலவற்றில் பக்கிள் தரையிலோ நடுவில் உயர்ந்து போகிற பகுதியிலோ நேரடியாகப் பிடித்திருக்கும், சீட்டுக்கு வேலை அதன் சொந்த எடையைத் தாங்குவது மட்டும். இப்போதைய கார்களில் பெரும்பாலும் பக்கிள் சீட்டின் சட்டத்தில் இருக்கும், அந்தக் கார்களின் தரையும் அதற்கேற்ற கனமான தகட்டோடு வரும். புதிய சீட்டைப் பழைய தரையில் போடும்போது பக்கிளை சீட்டிலேயே விட்டுவிட்டால், அந்தத் தரை சந்தித்தே இராத ஒரு விசையை அதன் தலையில் ஏற்றுகிறீர்கள். முடிந்தவரை உங்கள் வண்டியின் அசல் பக்கிளை அதன் அசல் இடத்திலேயே விட்டுவிடுங்கள், அது புதிய சீட்டோடு சரியான உயரத்தில், இடுப்பெலும்பின் மேல் படுகிற மாதிரி வருகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். வயிற்றின் மேல் ஏறினால் அந்தச் சீட் உங்கள் வண்டிக்கு ஆகாது.

பிடிமானச் சட்டத்தைப் பட்டறையில் புதிதாகச் செய்வதை விட, உங்கள் கார் மாடலுக்கென்றே சீட் கம்பெனிகள் விற்கிற அடிச்சட்டத்தை வாங்குவது நல்லது. ரெக்காரோ போன்றவர்கள் சில மாடல்களுக்கு ஜெர்மன் ஒப்புதலோடு கொடுக்கிறார்கள், அந்தத் தாளில் எந்தச் சீட், எந்த அடிச்சட்டம், எந்தக் கார் என்று மூன்றும் எழுதியிருக்கும், மூன்றும் பொருந்தினால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. 'ஈ-மார்க் உள்ள சீட்' என்று விளம்பரத்தில் பார்த்தால் எந்த விதிமுறைக்கு, எந்த வண்டியில் என்று கேளுங்கள். வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், 1 என்றால் ஜெர்மனி, 11 பிரிட்டன், 43 ஜப்பான், 47 நம் நாடு. எந்த நாடு ஒப்புதல் கொடுத்தது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். சில சமயம் அந்த முத்திரை தலைசாய்ப்புக்கு மட்டும் வாங்கியதாக இருக்கும், படிக்காமல் வாங்கினால் தெரியாது.

ரேசிங் பக்கெட் சீட் பற்றி நம் பையன்கள் அதிகம் கேட்கிறார்கள். எஃப்ஐஏ 8855-1999 என்று சீட்டில் ஒட்டியிருப்பது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ பந்தயத்துக்கு வைத்த தரம். அந்தத் தரத்தில் செய்த சீட்டுக்கு ஆயுள் 5 வருடம்தான், செய்த தேதி ஸ்டிக்கரிலேயே இருக்கும், கேட்டுப் பார்த்து வாங்குங்கள். பந்தய விதிப்படி ஒவ்வொரு பிடிமானத்துக்கும் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு, 40 சதுர சென்டிமீட்டர் பரப்பில், 8 மில்லிமீட்டர் போல்ட்டோடு இருக்க வேண்டும். சாலை வண்டிக்கு இது சட்டமில்லை, ஆனால் வாஷரை மட்டும் போட்டு முடிக்கிற பட்டறைக்காரரிடம் காட்ட நல்ல அளவுகோல். அந்தச் சீட் நான்கு அல்லது ஆறு முனை ஹார்னஸோடு (பந்தயப் பெல்ட்), ரோல்கேஜ் (உள்ளே பூட்டிய இரும்புக் கூண்டு) உள்ள வண்டியில் உட்காருவதற்காக வடிவமைத்தது, மூன்று முனை பெல்ட் அதன் பக்கச் சுவரில் ஏறி இடுப்பைத் தொடாமலேயே போய்விடலாம். சாலையில் ஓட்டுகிற வண்டியில் அசல் மூன்று முனை பெல்ட்டைக் கழற்றாதீர்கள். பெல்ட்டில் நம் நாட்டுத் தர அமைப்பான எஸ்ஏபிஎஸ்ஸின் முத்திரை அல்லது ஈ-மார்க் இருக்கிறதா என்று பரிசோதகர் பார்ப்பார், ஹார்னஸைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்த முடியாது.

ஏர்பேக் உள்ள சீட் இன்னும் பெரிய விஷயம். சீட்டின் முதுகுப் பக்கத்தில் 'ஏர்பேக்' என்ற சின்னத் துணி அட்டை தைத்திருந்தால் அதற்குள் வெடிக்கிற பொருள் இருக்கிறது. கீழே மஞ்சள் நிற பிளக் இருக்கும். சாவியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, உங்கள் காரின் கையேடு சொல்கிற நேரம் காத்திருந்துவிட்டுத்தான் அந்தப் பிளக்கைத் தொட வேண்டும். அசல் சீட்டில் பக்க ஏர்பேக் இருந்து, புதிய சீட்டில் இல்லை என்றால் அந்த வண்டி ஒப்புதல் வாங்கிய நிலையில் இப்போது இல்லை என்று அர்த்தம். எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க பிளக்கில் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம், அது விளக்கை மட்டும்தான் ஏமாற்றும், நாளைக்கு அந்த வண்டியை வாங்குகிறவர் இல்லாத ஏர்பேக்கை நம்பி ஓட்டுவார். இடப்பக்கச் சீட்டின் மெத்தைக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கிற உணரி இருக்கலாம், அதை விட்டுவிட்டு மாற்றினாலும் ஏர்பேக் ஒழுங்காக வேலை செய்யாது. சீட் கவர் தைப்பவர்களுக்கும் இது பொருந்தும், ஏர்பேக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டிய தையலை மூடித் தைத்துவிடக் கூடாது.

பின்சீட்டை மாற்றுகிறவர்கள் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் 30-லிருந்து 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தகுந்த குழந்தை இருக்கையில்தான் போக வேண்டும், அதற்குப் பொறுப்பு ஓட்டுகிறவர். ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள பின்சீட்டை எடுத்துவிட்டு இல்லாததைப் போட்டால் உங்கள் குழந்தை இருக்கையைப் பூட்ட இடமிருக்காது.

இப்போது எண்ணிக்கையை மாற்றுகிற வேலைக்கு வருகிறேன், நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெரிய வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும், ஆயா, பெரியப்பா, சித்தி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே வண்டியில், அதனால் பேனல் வேனில் இரண்டு பெஞ்சு போட்டுவிடலாம் என்று யோசிக்கிறோம். ஒரு சீட்டுக்குப் பதில் இன்னொன்று போடுவதும், சீட்டே இல்லாத இடத்தில் சீட் போடுவதும் ஒன்றல்ல. பேனல் வேன் சரக்கு வண்டியாக ஒப்புதல் வாங்கியது, அதன் பின்தளத்தில் சீட்டுக்கோ பெல்ட்டுக்கோ பிடிமானம் செய்திருக்க மாட்டார்கள். அதைப் பயணிகள் வண்டியாக மாற்றுவது சட்டத்தின் பார்வையில் வண்டியைத் திரும்பக் கட்டுவது. அந்த வேலையைத் தொழிலாகச் செய்கிறவர் 'பில்டர்' என்று பதிவு செய்திருக்க வேண்டும், மாற்றிய வடிவத்துக்கு என்ஆர்சிஎஸ் ஒப்புதல் இருக்க வேண்டும், சோதனை நிலையத்தில் புதிதாக ரோட்வொர்த்தி வாங்க வேண்டும், பதிவு அலுவலகத்தில் சொல்லி இ-நேட்டிஸ் கணினியில் வண்டியின் வகையையும் இருக்கை எண்ணிக்கையையும் மாற்ற வேண்டும். ஓட்டுநரையும் சேர்த்து 9 பேருக்கு மேல் 16 பேர் வரை என்றால் வண்டி மினிபஸ் ஆகிவிடும், அதோடு ஓட்டுநர் உரிமத்துக்கும் வாடகைக்கு ஓட்டினால் தொழில்முறை ஓட்டுநர் அனுமதிக்கும் வேறு விதிகள் வந்து சேரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பில்டர் பதிவுச் சான்றிதழையும், இதே மாடலை இதே மாதிரி மாற்றியதற்கான ஒப்புதல் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். "எல்லாம் பார்த்துக்கலாம் அண்ணா" என்று சொல்லி இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.

இந்த நாட்டில் இதற்கு ஒரு பெரிய பாடமே இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து சரக்கு வேனாக வெளியே வந்த டொயோட்டா குவாண்டம் பேனல் வேன்களை வேறு ஆட்கள் ஜன்னல் வெட்டி, சீட் பூட்டி மினிபஸ் டாக்சியாக விற்றார்கள். வங்கிகள் கடன் கொடுத்தன, பதிவும் நடந்தது, மக்கள் வருடக்கணக்கில் அதில் பயணம் செய்தார்கள். விஷயம் அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கிற பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தின் விசாரணை வரை போனது. பதிவுப் புத்தகத்தில் முத்திரை விழுந்துவிட்டால் சீட் தரையில் நிற்கும் என்று நினைக்க வேண்டாம், முத்திரை குத்தியவர் தரைக்கு அடியில் பார்த்திருக்க மாட்டார்.

பக்கி வண்டியின் (பின்னால் தொட்டி உள்ள பிக்கப்) கேனப்பிக்குள், அதாவது தொட்டியின் மேல் பூட்டுகிற கூட்டுக்குள், பெஞ்சு போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்தொட்டியில் ஆள் ஏற்றினால், உட்காரும் மட்டத்திலிருந்து குறைந்தது 350 மில்லிமீட்டர், நிற்கிறவர் என்றால் நிற்கும் மட்டத்திலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்துக்கு அடைப்பு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது விழாமல் இருக்க மட்டும்தான், பெஞ்சு சீட்டாகிவிட்டது என்று அர்த்தமில்லை. 2017 மே 11-லிருந்து பணம் வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைப் பின்தொட்டியில் ஏற்றிச் செல்வது தடை. காலையில் ஹிக்கின்சன் சாலையில் இன்னமும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

வேலையை நடத்துகிற விதம் பற்றிக் கொஞ்சம். டர்பன் கடற்காற்றில் தரைத்தகடு எப்படித் துருப்பிடிக்கும் என்று நமக்குத் தெரியும், ஆனால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமலேயே சீட்டைப் பூட்டுகிறோம். கார்ப்பெட்டை முழுதாக எடுங்கள், ஸ்குரூடிரைவர் முனையால் ரெயில் உட்காரும் இடங்களை அழுத்திக் குத்துங்கள், உள்ளே போனால் சீட் வேலையை நிறுத்திவிட்டுத் தகடு வேலையை முடியுங்கள். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் இருக்க வேண்டும், எண்ணே இல்லாத கடைப் போல்ட்டைச் சீட்டுக்குப் போடக் கூடாது. பெல்ட் பிடிக்கிற போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குல நுண்மரை உள்ள தனிப் போல்ட், அதன் இடத்தில் அளவு ஒத்துப்போகிறதே என்று மெட்ரிக் போல்ட்டைத் திருகினால் மரை கெட்டு, பார்க்க இறுகின மாதிரியே நிற்கும். எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்சு இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முடித்த பிறகு சீட்டைக் கடைசி வரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், பூட்டிய நிலையில் முதுகிலிருந்து இருவராகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி அதே அளவுக்கு முடுக்கிப் பாருங்கள்.

வேறு மாடல் சீட் போட்டவர்கள் வண்டி விற்கும் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பதிவு பெற்ற சோதனை நிலையத்தில் பணம் கட்டி நீங்களாகவே ரோட்வொர்த்தி சோதனைக்கு விடலாம், சீட்டை மாற்றியிருக்கிறேன், கீழே பாருங்கள் என்று சொல்லியே விடுங்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், போனில் சொன்னது போதாது, அவர்கள் ஒத்துக்கொண்டு அனுப்பும் பதில் மெயிலை எடுத்து வையுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கக் கூடாது. பில்லில் 'சீட் மாற்றியது' என்று ஒற்றை வரி எழுதினால் ஏற்காதீர்கள், சீட்டின் மேக், மாடல், அடிச்சட்டம், போல்ட்டின் தரம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். கார்ப்பெட்டை மூடுவதற்கு முன் மேலேயும் கீழேயும் ஒவ்வொரு பிடிமானத்தையும் படம் எடுத்து அந்தப் பில்லோடு வையுங்கள்.

கழற்றிய அசல் சீட்டுகளையும், அவற்றின் போல்ட், பிளக் மூடி உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, காய்ந்த இடத்தில் வைத்திருங்கள். என் கோல்ஃபுக்கு அசல் சீட் தேடி ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று ஏழு வாரம் ஸ்கிராப்யார்டுகளில் அலைந்தேன், கடைசியில் கிடைத்தது ஒரு மேனிக்குக் கிழிந்த துணியோடு, ஆனால் ரெயில் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பூட்டியது.